ஓர வரிசைக்குக் கணக்கில்லை

மோட்டார் கொட்டகையில் அன்று காலை இருந்தவர்கள்:

வீராசாமி. நிலத்தை உழுபவர். நிலம் அவருடையது இல்லை.

அங்காளம்மா. வீராசாமியின் அக்கா. மண்ணிவாக்கத்தில் மூன்று மாடு கறந்து காலனி வீடுகளுக்குப் பால் ஊற்றிவந்தவர். முந்தின நாளிலிருந்து ஒரு மாடு.

ஜெயஸ்ரீ. மாட்டு டாக்டர்.

ஸஹானா. பயிர்ப் படிப்பு படித்தவள். கம்பெனியின் சோதனை வயல்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

அச்சுதன். கம்பெனி முதலாளி. சேலையூரில் ஒரு டயர் கடைக்கு மேலே ஆபீஸ்.

நான், பிரேம். சிறுசேரியில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்த்து, ஒருநாள் பாதியில் எழுந்து வந்துவிட்டவன். இந்த வயலில் இலையின் பச்சையை அளப்பது என் வேலை.

கொட்டகையில் இரண்டு பேர் நிற்கலாம். ஆறு பேர் நின்றோம். யூரியாக் கரைசல் தொட்டி பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே தூறல். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளத்தை நெருக்கி நட வேண்டும். வழக்கமாக மூன்று செடி நிற்கிற இடத்தில் ஐந்து. நெருக்கினால் விளைச்சல் கூடும், ஆனால் தழைச்சத்து அதற்கேற்றபடி போய்ச் சேர வேண்டும். குறைந்தால் கீழ் இலை மஞ்சளாகிக் கதிர் பொக்கையாகும். கூடினால் வீண். அதனால் செடிகளை எண்ணி, அந்த எண்ணிக்கைக்குத் தேவையான யூரியாவைத் தொட்டியில் கரைத்து, சொட்டுநீர்க் குழாயில் தவணை தவணையாக விடுவது. மூட்டையைப் பிரித்து யாரும் வீச வேண்டியதில்லை. வயல் பார்க்க வருகிற எல்லோரிடமும் அச்சுதன் சார் ஒரே வசனத்தைச் சொல்வார்: "ஒரு கைப்பிடி யூரியாகூட இங்க யாரும் தூவல சார்."

வீராசாமிக்கு இந்தச் சோதனையில் பிடித்ததும் அது ஒன்றுதான். "இந்த வருசந்தான், பிரேமு, கையால சோறு துன்றேன்" என்பார். யூரியா பட்டால் அவருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிடும். கையுறை கிடையாதா என்று கேட்டேன். "நானு இன்னா டாக்டரா?" என்றார்.

ஸஹானா எண்ணுவதில் ஏமாற்றுகிறவள் இல்லை. முளை வந்த பிறகு வரிசை வரிசையாகக் குனிந்து அவளே எண்ணினாள். வண்டலூர் காட்டுப் பக்கமிருந்து வருகிற மயில்கள் விதையைப் பொறுக்கிவிட்ட இடங்களில் மறுபடி ஊன்ற வைத்தாள். வெள்ளைக் கொடி நட்ட நான்கு மூலைக்குள் ஒரு குழிகூடக் காலியில்லை. யூரியா அதற்குச் சரியான அளவு. நான் வாரம் தவறாமல் இலையைக் கருவியால் கவ்விப் பார்ப்பேன். வரவேண்டிய எண் வரும். அவள் தலையாட்டுவாள்.

கொடிக்கு வெளியே ஓர வரிசை. எந்தச் சோதனை வயலானாலும் சுற்றிலும் சில வரிசை ஓரம் விடுவார்கள். ஓரத்துச் செடிக்கு வெயிலும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும், அதன் விளைச்சலை நம்ப முடியாது. ஆகவே ஓரத்தை எண்ணுவதில்லை, அளப்பதில்லை, எடை போடுவதில்லை. உள்ளே இருப்பதைக் காக்க அது சும்மா நிற்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கடைசியில் ஓரத்தை உழுபவருக்கு விட்டுவிடுவார்கள். அதுவும் வழக்கம்.

மயில் வந்து இறங்குவது ஓரத்தில்தான். அங்கே பாதிக்கு மேல் தின்றுவிட்டது. யாரும் திரும்ப ஊன்றவில்லை. ஓரம்தானே. ஆனால் குழாய் உள்ளுக்கும் ஓரத்துக்கும் ஒன்று. ஐந்து செடிக்கு அளந்துவிட்ட யூரியா, ஓரத்தில் ஐந்துக்கு இரண்டாக நின்ற செடிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அவை கருகருவென்று வளர்ந்தன. தண்டு என் மணிக்கட்டுத் தடிமன். உள்ளே நின்றவை காலை நேரத்துத் தாம்பரம் பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒல்லியாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. பார்க்க வருகிறவர்கள் ஓரத்தில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஐப்பசியில் புயல் சின்னம் ஒன்று கடலிலேயே உட்கார்ந்துகொண்டது. வாரம் முழுக்க வெயில் இல்லை. அங்காளம்மாவின் மாடுகள் மேய்வது காலனிக்குப் பின்னால் வீடு கட்டாமல் கிடக்கிற மனைகளில். அங்கே முழங்கால் தண்ணீர். மாடுகள் கட்டின இடத்திலேயே பட்டினி கிடந்தன. வீராசாமிதான் அக்காவைக் கூப்பிட்டார். ஓரத்தை அறுத்துக்கொள்ளச் சொன்னார்.

அங்காளம்மா அரிவாளோடு ஒரு குட்டி யானை லோடு வண்டியில் வந்து இறங்கினார். வரப்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னாடா வீரா, உள்ள கீறதெல்லாம் கஞ்சி காணாத புள்ளைங்க மாரி கீது. வெளில கீறதுதான்டா பயிரு."

"வெளில கீறதுக்குக் கணக்கு இல்லக்கா. அதான் உனுக்கு."

"கணக்கு இல்லாததுதான் எனுக்கு வந்து சேரும். எங்க, அந்தக் கயித்த எடு."

"அடியோட அறு. நுனிய மட்டும் கிள்ளிகினு போவாத. தண்டுலதான் சத்து கீது."

தண்டின் அடியில்தான் இருந்தது. சத்து இல்லை.

நானும் இரண்டு கட்டு தூக்கி ஏற்றினேன். அங்காளம்மா எனக்கு ஒரு பால்கோவா தருவதாகச் சொன்னார், தீபாவளிக்கு. வண்டி கிளம்பும்போது வீராசாமி சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எதையாவது கொடுக்க முடிந்தால் அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும். அடிக்கடி வந்ததில்லை.

மத்தியானம் மாடுகள் பசியில் வாரித் தின்றன. சாயங்காலம் பால் கறக்க உட்கார்ந்தபோது முதல் மாடு பின்னங்கால் மடங்கி அங்காளம்மாவின் மேலேயே சாய்ந்தது. வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்குத் தவித்தது. அதை இழுத்து நிமிர்த்துவதற்குள் இரண்டாவது விழுந்தது.

அங்காளம்மாவுக்குத் தோன்றியது ஒரே பெயர்: சத்யநாராயணன். காலனிச் சங்கத்தின் செயலாளர். ரோட்டில் சாணி கிடக்கிறது என்று வாட்ஸப்பில் தினமும் எழுதுகிறவர். மாடுகளைப் பிடித்துக்கொண்டு போக ஆள் கூப்பிடுவேன் என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். அங்காளம்மா நேரே அவர் வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"யோவ், வெளிய வாய்யா! வாயில்லா ஜீவனுக்கு வெசம் வச்சிட்டு உள்ள உக்காந்து டிவி பாக்குறியா? நீ நல்லாருப்பியா? உன் வூட்ல அடுப்பு எரியுமா?"

மழையில் மண் சேறாகியிருந்தது. அதையே இரண்டு கையாலும் வாரி அவருடைய வெள்ளைச் சுவரில் அடித்தார். சத்யநாராயணன் மாடியில் நின்று செல்போனில் படம் பிடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பயந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன். இருட்டுவதற்குள் படம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். நோய் வந்த மாடு என்றார்கள். பிளாஸ்டிக் தின்கிற மாடு என்றார்கள்.

டாக்டர் ஜெயஸ்ரீ வந்தபோது இரண்டும் செத்திருந்தன. மூன்றாவது, ஆறு மாதச் சினை, சுவரில் சாய்ந்து நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் காது நரம்பில் ஊசி குத்திப் பார்த்தார். ரத்தம் சிவப்பாக இல்லை. டிகாஷன் நிறம். உடனே பெட்டியைத் திறந்து ஒரு நீல மருந்தைக் கழுத்து நரம்பில் ஏற்றினார். மாடு பிழைத்தது. விடியும்போது கன்று மட்டும் விழுந்துவிட்டது. உயிர் இல்லை.

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "என்ன தின்னுச்சு?"

அதனால்தான் காலையில் எல்லோரும் கொட்டகைக்கு வந்தோம்.

அச்சுதன் சாரின் கார்தான் முதலில் வந்திருந்தது. இறங்கியதும் வீராசாமியைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நான் அங்கே மோட்டார் தண்ணீர்க் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். மறைக்க வேண்டிய ஆளாக என்னை நினைக்கவில்லை.

"வீராசாமி, புரிஞ்சுக்கோங்க. எங்க ட்ரையல்ல மாடு செத்துச்சுன்னு ஒரு லைன் வெளிய போனா அடுத்த சீசன் கிடையாது. நாங்க லீஸை விட்டா ஓனர் என்ன பண்ணுவார்?"

வீராசாமி எதிரே பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், போன வருஷம் வேர்க்கடலை நின்ற நிலத்தில், மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் வரிசையாக நட்டிருந்தது. மனை விற்கிறவர்களின் கொடிகள் மழையில் ஒட்டிக்கொண்டு தொங்கின. படப்பையிலிருந்து இந்தப் பக்கம் வரும் வழியெல்லாம் அதுதான். அச்சுதன் சார் கேட்ட கேள்விக்கு அந்தக் கற்களைவிடத் தெளிவான பதில் இல்லை.

"ஓரம் உங்களுக்குன்னு விட்டது. அதுல நீங்களா கொஞ்சம் யூரியா தூவிட்டீங்க. நல்லா வரட்டுமேன்னு. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான், யாரும் உங்களைத் தூக்குல போடப் போறதில்லை."

"அக்கா கேக்கும் சார்."

"சொந்த அக்கா. ரெண்டு மாசம் பேசாம இருப்பாங்க. அப்புறம் பேசுவாங்க. நிலம் போனா திரும்பி வருமா?"

வீராசாமிக்கு வேறு நிலம் கிடையாது. வேறு வேலையும் தெரியாது. கைலியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார்.

டாக்டர் கேட்டுக்கொண்டதால் ஸஹானா ஆபீஸிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே அமிலம் கலந்த ஏதோ மருந்து, தண்டில் தேங்கின உரத்தை நீலமாகக் காட்டுவது. நான் போய் இரண்டு தண்டு வெட்டி வந்தேன். கொடிக்குள்ளிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று. அவள் இரண்டையும் அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்து தொட்டி மூடிமேல் வைத்தாள்.

உள் தண்டில் ஒரு சொட்டு விட்டாள். வெளிறிய நீலம், அதுவும் தயங்கித் தயங்கி வந்தது.

ஓரத்துத் தண்டில் சொட்டு பட்ட உடனே மை கொட்டினது போல நீலம் பரவியது. நீலம் தண்டின் நாரில் ஏறிக்கொண்டே போனது.

"நைட்ரேட்" என்றார் டாக்டர். "செடி குடிச்ச யூரியாவைச் செரிக்கல. வெயிலும் இல்ல. எல்லாம் தண்டுல அப்படியே தங்கிடுச்சு. வயித்துக்குள்ள போய் ரத்தத்தைக் கெடுத்துருக்கு. மாடு மூச்சு இழுக்கும், ரத்தம் காத்தைத் தூக்காது."

அங்காளம்மா குனிந்து தண்டைப் பார்த்தார். "இந்த நீலந்தான் காலைல என் மாட்டு மூத்திரத்துல வந்துச்சா?"

"இல்லம்மா, அது நான் போட்ட மருந்து."

"வெசமும் நீலம், மருந்தும் நீலமா. நல்லா படிச்சீங்கம்மா எல்லாரும்." நிமிர்ந்தார். "எனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போட்டது யாரு? நானு அந்தக் காலனி ஆளு செவுத்துல சேத்த வாரி அடிச்சிட்டு வந்துகிறேன். அவன் சம்சாரம் என்னியப் பாத்து அயுதுகினு நின்னுச்சு. யாரு போட்டதுன்னு எனுக்குத் தெரியணும்."

வேறு எதையும் அவர் கேட்கவில்லை. செத்த மாட்டுக்கு என்ன தருவீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

டாக்டர் ஸஹானாவின் பக்கம் திரும்பினார். "ஓரத்துக்குத் தனி வால்வு இருக்கா?"

ஸஹானா புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி ஏற்கனவே இறுகியிருந்தது. "ஓரம் எங்க ப்ரோட்டோகால்ல வராது டாக்டர்."

"ப்ரோட்டோகாலைக் கேட்கல. வால்வைக் கேட்டேன்."

அச்சுதன் சார் குறுக்கே வந்தார். "டாக்டர், விவசாயியே சொல்லட்டும். வீராசாமி, சொல்லுங்க. நடந்ததைச் சொல்லுங்க."

வீராசாமி இரண்டு கையையும் கைலி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார்.

"நான்தாம்மா" என்றார் டாக்டரிடம். "ஓரத்துக்கு ரவ யூரியா போட்டேன். கையால. மாடு துன்றதுக்கு நல்லா வரட்டும்னு."

"எவ்வளவு?"

"ரவ ஜாஸ்தியாவே போட்டுட்டேன்."

"எப்போ?"

அவர் அச்சுதன் சாரைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு யாரும் அவருக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"பூ வர்றதுக்கு முன்னாடி" என்றார் அச்சுதன் சார். "அப்பத்தானே போடுவாங்க."

எனக்கு ஆத்திரம் என்று சொல்ல மாட்டேன். அலுப்பு. சிறுசேரியில் ஒவ்வொரு ராத்திரியும் போனில் இப்படித்தான் பேசினோம், தப்பு எப்போதும் வாடிக்கையாளருடையது. அதை விட்டுத்தான் வந்தேன்.

"டாக்டர்," என்றேன், "வீராசாமி அண்ணன் இந்த சீசன்ல மூட்டையே பிரிக்கல. வால்வு தனியா கிடையாது. உள்ளுக்கும் ஓரத்துக்கும் ஒரே குழாய். ஓரத்துல செடி பாதிதான் இருக்கு. முழுசுக்கும் கணக்குப் போட்ட டோஸ் அங்கயும் போயிருக்கு. நீங்களே வெளிய வந்து பாருங்க."

"பிரேம்," என்றார் அச்சுதன் சார், குரலை உயர்த்தாமல், "நீ இலை பார்க்கறவன். இலையைப் பாரு."

"இலையும் பார்த்தேன் சார். ஓரத்து இலையைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லல."

"இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க. திங்கட்கிழமையிலிருந்து வர வேணாம்."

டாக்டர் ஜெயஸ்ரீ வீராசாமிக்கு நேரே போய் நின்றார். மெதுவாகக் கேட்டார். "இந்தப் பையன் சொல்றது நிஜமா? இங்க யாருக்கும் நீங்க பயப்பட வேணாம். யார் போட்டது?"

வீராசாமி அக்காவைப் பார்க்கவில்லை. கதவு வழியாக, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கற்களைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியாதும்மா. சின்னப் பையன். நான்தான் போட்டேன்."

அதோடு முடிந்தது. போட்டவனே போட்டேன் என்று சொன்ன பிறகு டாக்டர் வேறு என்ன செய்ய முடியும்? மீதி ஓரத்தில் எந்த மாடும் வாய் வைக்கக் கூடாது, உள்ளே இருப்பதையும் சோதிக்காமல் தீவனத்துக்கு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

அங்காளம்மா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அச்சுதன் சார் அதற்காகவே கதவருகில் தள்ளி நின்றிருந்தார். அங்காளம்மா கத்தவில்லை. தம்பியின் கைலி மடிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கி ரோட்டுப் பக்கம் நடந்தார். ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. ஏறிக்கொண்டார்.

நான் அரிவாளை எடுத்தேன். ஓரத்தை அறுத்துப் போட்டுவிடலாம் என்றேன். அச்சுதன் சார் ஒப்புக்கொள்ளவில்லை. ஓரத்தை எடுத்துவிட்டால் அடுத்த வரிசை ஓரமாகிவிடும், சோதனை கெட்டுவிடும். ஸஹானா ஒரு அட்டையில் 'தீவனத்துக்கு அல்ல' என்று எழுதிக் கம்பில் கட்டினாள். மழையில் மை அப்போதே வழியத் தொடங்கியது.

"உங்களுக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம்?"

அவள் கொடிகளுக்குள் நின்ற பயிரைப் பார்த்தாள். ஒரு காலி குழி இல்லை. "நான் எண்ணினதுல தப்பு இல்ல பிரேம்" என்றாள்.

"இல்ல" என்றேன். இருக்கவில்லை.

சாயங்காலம் வீராசாமி என்னைக் கேட்டார், மண்ணிவாக்கம் வரைக்கும் கொண்டுபோய் விடுவாயா என்று. படப்பையில் ஒரு கட்டு வைக்கோல் வாங்கியிருந்தார். மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்தார். ஒரகடத்துக்குப் போகிற லாரிகள் எங்கள்மேல் தண்ணீரை அடித்துக்கொண்டு போயின. வைக்கோல் நனையாமல் இருக்க அதன்மேல் கவிழ்ந்துகொண்டார்.

காலனிக்குள் சத்யநாராயணன் வீட்டுச் சுவரை ஒருவன் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான். அதற்கும் பின்னால், சாக்கடையைத் தாண்டி, அங்காளம்மாவின் வீடு. ஒரு அறை, ஒரு சார்ப்பு, இரண்டுக்கும் சேர்த்துத் தெருப் பக்கம் ஒரு தகரக் கதவு. கதவு திறந்திருந்தது. இரண்டு முளையில் கயிறு மட்டும் கிடந்தது. மூன்றாவதில் மாடு நின்றிருந்தது. அதன் கீழே தரையில் நீலமும் பச்சையுமாக ஈரம். மடி கட்டியிருந்தது, குடிக்கக் கன்று இல்லை, அந்தப் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்காளம்மா பக்கத்தில் குந்தி அதைத் தரையிலேயே பீய்ச்சி விட்டுக்கொண்டிருந்தார்.

வீராசாமி வாசலைத் தாண்டி உள்ளே போய் நின்றார். நான் வெளியே பைக்கில் இருந்தேன்.

"வைக்கோலுக்கா" என்றார். "நல்ல வைக்கோலு. கடைல வாங்கினது."

"வை அங்க."

வைத்தார். அவர் போகவில்லை, அங்காளம்மாவும் போகச் சொல்லவில்லை. பால் தரையில் விழுந்துகொண்டே இருந்தது.

"யக்கா. தெரியாம பண்ணிட்டேன்."

"இன்னாடா பண்ண?"

"அதான்... யூரியா. ஓரத்துக்கு."

அங்காளம்மா எழுந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "கைய காமி."

"யக்கா..."

"காமின்றேன்ல. ரெண்டு கையும்."

அவர் நீட்டினார். அங்காளம்மா விரல் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தார். இடுக்கு, நகக்கண், உள்ளங்கை. வீட்டு விளக்கின் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. தோல் வழுவழுவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"வருசா வருசம் யூரியா தொட்டுட்டு வந்து தீவாளி வரிக்கும் ஸ்பூன்ல துன்ற நாயிடா நீ. போன தீவாளிக்கு உனுக்கு நான்தான் இட்லியப் பிட்டு வாயில வச்சேன். உன் பொண்டாட்டிகூட அப்ப சிரிச்சுது, பாப்பாக்கு ஊட்டுற மாரி கீதேன்னு." கையை விட்டார். "இந்தக் கையா போட்டுச்சு?"

வீராசாமி கையை மறுபடி மடிப்புக்குள் கொண்டுபோனார்.

"அங்கியே பாத்துட்டேன்டா. நீ கைய ஒளிச்சப்பவே எனுக்குத் தெரிஞ்சிபூட்ச்சி. அந்தப் பையன் சொன்னான்ல, கொயாய் வயியா போச்சுன்னு, அதாண்டா மெய்யி. உனுக்கும் தெரியும்."

"நெலம் பூடும்க்கா. அந்தாளு லீஸ வுட்டுட்டான்னா கல்லு நட்ருவானுங்க. நான் எங்க போவேன்? இன்னா பண்ணுவேன்?"

"நீ தெரியாம குட்த்த. நானும் தெரியாம அறுத்தேன். அதுக்கு உன்னிய நான் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேன். மாடு போனா போவுது, எந்தம்பி குட்த்ததுன்னு மண்ணப் போட்டு மூடிகினு இருந்திருப்பேன்." குரல் உயரவே இல்லை. "யாரு போட்டதுன்னு அத்தினி பேரு முன்னாடி கேட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அதுல நீ பொய் சொன்ன. நிஜத்த அந்த மொதலாளிகூட வச்சிகினு எனுக்குப் பொய்ய குட்த்த."

"யக்கா, ரவ நேரம் உக்காந்து..."

"கெளம்பு."

"மாட்டுக்குத் தண்ணி வச்சிட்டுப் போறேன்."

"என் மாட்டுக்கு நீ ஒண்ணும் வைக்காத. அந்த வைக்கோலயும் தூக்கு."

வீராசாமி குனிந்து கட்டைத் தூக்கினார். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நின்றார். திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அங்காளம்மா தகரக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே சங்கிலி உரசியது. பூட்டு விழுந்தது.